அறுபத்து நாலிலேயே இருக்கட்டும்

அந்த விளையாட்டில் தையல் மெஷின் கிடையாது. இதில் அவனுக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஆளில்லாத ஒரு கப்பலுக்குள் ஒருத்தன் கைவிளக்கோடு நடந்துகொண்டே இருக்கும் பழைய விளையாட்டு அது. மொத்தமே நாற்பத்தொரு சத்தங்கள்தான். காலடி, இரும்புக் கதவு, சங்கிலி, எங்கோ சொட்டும் தண்ணீர் என்று ஒவ்வொன்றும் தனித்தனிக் கோப்பாக டிஸ்க்கில் கிடந்தது. ஒன்று விடாமல் திறந்து கேட்டாயிற்று. ஆனாலும் மூன்றாவது தளத்துக்கு இறங்கும் படிக்கட்டில் விளையாட்டு ஹேங் ஆகி நிற்கும்போதெல்லாம், ஹெட்போனில் கடகடவென்று ஓடியது தையல் மெஷின்தான்.

பழைய விளையாட்டுகள் ஹேங் ஆனால் சத்தம் திக்கும். அதில் அதிசயம் ஒன்றுமில்லை. கடைசியாகக் கையில் இருந்த அரை நொடிச் சத்தத்தை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும். வேறு சொல்ல அதற்குத் தெரியாது. பதினெட்டு வருஷமாக இந்தத் திக்கலைக் கேட்டுத்தான் அவன் சோறு தின்கிறான். புது மெஷினில் ஓட மறுக்கும் பழைய விளையாட்டு, பாதியில் விழுந்துவிடும் பழைய விளையாட்டு, வாயடைத்துப்போன பழைய விளையாட்டு என்று எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

இந்தப் பெட்டியைக் கொண்டுவந்தவர் ஒரு பல் டாக்டர். வாசலில் நின்றவர் வாயே திறக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினார். ‘என் தம்பியுடையது. சத்தம் விட்டு விட்டு வருகிறது. படிக்கட்டில் நின்றுவிடுகிறது. நிறுத்தித் தர முடிந்தால் போதும்’ என்று எழுதியிருந்தது. தொண்டை கட்டியிருக்கும் போல என்று இவன் நினைத்துக்கொண்டான். அவர் போனதும் அக்கா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "பல் டாக்டருக்கே வாயைத் தொறக்க பயமா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். பெட்டியின் மூடியைக் கழற்றியபோது உட்பக்கம் இன்னொரு சீட்டு ஒட்டியிருந்தது. வேறு கையெழுத்து. ‘பஃபர் 64-லேயே இருக்கட்டும்.’ அரைகுறையாகத் தெரிந்தவர்கள் இப்படித்தான் ஏதாவது எழுதி ஒட்டிவைப்பார்கள். அவனுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

வீட்டில் இருந்தது அவனும் அக்காவும் மட்டும்தான். அம்மா இறந்த வருஷத்திலிருந்து அவனுக்கு எல்லாமே அக்காதான். முன்னறையில் அவன் கம்ப்யூட்டர்கள், அடுத்த அறையில் அவள் தையல் மெஷின், நடுவில் கதவில்லாத ஒரு வாசல். பள்ளிச் சீருடை தைப்பாள். பஞ்சுத் தூசியும் இளைப்பும் சேர்ந்து அவளைப் படுத்தும். மூச்சு முட்டினால் உறிஞ்சிக்கொள்ள ஒரு பம்ப் எப்போதும் மெஷின் டிராயரிலேயே இருக்கும். அவன் காதில் எந்நேரமும் ஹெட்போன் இருப்பதால் அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. அவள் "தம்பி" என்று இரண்டு தடவை கூப்பிடுவாள். மூன்றாவது தடவைக்குள் அவன் வந்துவிட வேண்டும். வராவிட்டால் எழுந்து வந்து ஹெட்போனைப் பிடுங்கித் தலையில் ஒரு குட்டு வைப்பாள். நாற்பத்திரண்டு வயதிலும் குட்டு வாங்குகிற ஒரே மெக்கானிக் தான்தான் என்று வருகிறவர்களிடம் அவனே சொல்லிக்கொள்வான்.

மூன்றாம் நாள் காலை, படிக்கட்டில் பத்தாவது தடவையாக விளையாட்டு நின்று, கடகட ஓடி, அவன் அலுத்துப்போய் ஹெட்போனைக் கழற்றியபோது அக்கா அங்கிருந்தே கேட்டாள்.

"என் மெஷினுக்கு எண்ணெய் போட்டியா தம்பி? இன்னிக்குச் சத்தமே வரல."

அவன் போடவில்லை. ஆனால் வலிய வரும் பாராட்டை யார் வேண்டாம் என்பார்கள்? போட்டேன் என்று சொல்லிவிட்டான். எட்டிப் பார்த்தபோது சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது, ஊசி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, துணி நகர்ந்துகொண்டிருந்தது. சத்தம் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பழையபடி கடகடவென்று ஆரம்பித்தது.

இந்த மாதிரிக் கோளாறுக்குச் செய்கிற வைத்தியங்களை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தான். கம்ப்யூட்டரின் வேகத்தைக் குறைத்தான். சவுண்டு கார்டைக் கழற்றித் துடைத்து மாட்டினான். டிரைவரை மாற்றினான். மைக் எதுவும் செருகியிருக்கிறதா என்று பின்னால் பார்த்தான். மைக் ஓட்டையில் தூசிதான் அடைத்திருந்தது. கடைசியில், திக்குகிற சத்தத்துக்கு இந்தத் தொழிலில் உள்ள எல்லாரும் செய்வதை அவனும் செய்தான். பஃபரை ஏற்றினான். சத்தத்தை முன்கூட்டியே கொஞ்சம் வாங்கி வைத்துக்கொள்ளும் பாத்திரம் அது. பாத்திரம் பெரிதானால் சத்தம் அறுபடாமல் வரும். அறுபத்து நாலை நூற்று இருபத்தெட்டு ஆக்கினான்.

தெளிந்தது. கப்பலின் இருட்டில் விளக்கோடு நடந்தான். காலடி, சொட்டுத் தண்ணீர், சங்கிலி. பிறகு எவர்சில்வர் டம்ளர் ஒன்று விழுந்து, சுற்றி, உருண்டு, எதிலோ முட்டி நின்றது. இங்கே இந்த வீட்டில், அவன் முதுகுக்குப் பின்னால் விழுந்தது போல அவ்வளவு துல்லியம். ஹெட்போனை எடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போனான். டம்ளர் மேடையில்தான் இருந்தது. தனக்கு ஓய்வு வேண்டும் என்று சொல்லிக்கொண்டு திரும்பி வந்தான்.

பத்து நிமிஷம் இருக்கும். தண்ணீர் குடிக்க மறுபடி போனபோது அக்கா அங்கே நின்றுகொண்டிருந்தாள். அவள் முழங்கை பட்டு டம்ளர் மேடையிலிருந்து நழுவியது. தரையில் விழுந்தது. சுற்றியது. உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது. பஞ்சில் விழுந்த மாதிரி. ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை.

"என்ன இது, காது அடைச்சுக்கிச்சா எனக்கு?" என்றாள் அக்கா. அவள் பேசியது கேட்டது. குழாயில் தண்ணீர் விழுவது கேட்டது. டம்ளரை எடுத்து அவனே ஒரு தடவை கீழே போட்டுப் பார்த்தான். வீடே அதிர்ந்தது.

பயந்தவன் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவன் பயந்தான், ஆனால் நிறுத்தவில்லை. காரணம் தெரியாத கோளாறைப் பாதியில் விட அவன் கைக்கு வராது. பதினெட்டு வருஷப் பழக்கம். நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டான். பஃபரை ஐந்நூற்றுப் பன்னிரண்டுக்கு ஏற்றினான். ஹெட்போனை மாட்டினான்.

கப்பலின் சத்தங்கள் எதுவும் வரவில்லை. தையல் மெஷின் மட்டும் ஓடியது. அடுத்த அறையில் ஓடுவது போலவே, அதே தூரம், அதே பக்கம். கேட்டதை வரிசையாக எழுதிக்கொண்டே வந்தான்.

மெஷின் நின்றது. நாற்காலி தரையில் இழுபட்டது. கனமான ஏதோ விழுந்தது. டிராயர் இழுக்கும் சத்தம், பாதியில் நின்றது. பிறகு மூச்சு. உள்ளே இழுக்கத்தான் முடிகிறது, வெளியே விட முடியவில்லை என்கிற மாதிரி மூச்சு.

"தம்பி."

அவன் பேனா நின்றது. திரும்பி வாசல் வழியாகப் பார்த்தான். அக்கா குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி." இரண்டாவது. வெகு நேரம் கழித்து, தரையோடு தரையாக, மூன்றாவது. "தம்பி."

யாரும் வரவில்லை.  மூன்றாவது தடவைக்குள் வந்துவிட வேண்டியவன் வரவில்லை. ஓடி வரும் காலடியே இல்லை. பிறகு எவனோ ஒருத்தன் கத்த ஆரம்பித்தான். கரகரத்த, அசிங்கமான குரல். என்ன சொல்கிறான் என்று புரியவில்லை. ஒரே விஷயத்தைத் திருப்பித் திருப்பிக் கெஞ்சுகிற மாதிரி இருந்தது. ‘ஆண் குரல், யாரென்று தெரியவில்லை’ என்று எழுதினான். பிறகு கண்ணாடியில் கையால் அடிக்கும் சத்தம். எண்ணினான். பதினொன்று. அதன்பின் கடைசியாக இன்னொரு "தம்பி". அதோடு விளையாட்டு ஹேங் ஆகி, அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு திக்க ஆரம்பித்தது. தம்பி தம்பி தம்பி தம்பி.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தான். சுவரிலிருந்து பிளக்கை உருவினான். வயரைச் சுருட்டிப் பெட்டியின் மேல் வைத்தான். 

அதன்பிறகுதான் யோசித்தான். ஒரு சத்தம் ஒரு தடவைதான். இங்கே கேட்டுவிட்டால் அங்கே நடக்கும்போது கேட்காது. டம்ளர் அப்படித்தான் விழுந்தது. மெஷின் அப்படித்தான் ஓடியது. நடக்கப்போவதன் சத்தத்தை முன்கூட்டியே வாங்கிச் செலவழித்துவிட்டான். அக்கா கூப்பிடப்போகிற அத்தனை தடவையையும் அவன் கேட்டு முடித்துவிட்டான். இனி அவள் கூப்பிட்டால் சத்தம் வராது. சீட்டை நீட்டிய பல் டாக்டரின் நினைவு வந்தது. அந்த மனுஷனிடம் செலவழிக்க ஒரு சொல்கூட மிச்சம் இல்லை போலிருக்கிறது.

எப்போது நடக்கும்? கணக்குப் போட்டுப் பார்த்தான். அறுபத்து நாலுக்கு இரண்டு மூன்று நிமிஷம். இரட்டித்ததற்குப் பத்து நிமிஷம். அப்படியானால் ஐந்நூற்றுப் பன்னிரண்டுக்கு? ஒரு கணக்கும் உட்காரவில்லை. ஒரு மணி நேரமாக இருக்கலாம். ஒரு வாரமாகவும் இருக்கலாம்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றான். எதுக்கு என்றாள். சும்மா, மூச்சைக் காட்டிட்டு வரலாம் என்றான். கையிலிருக்கும் நாற்பது சீருடையை யார் தைப்பது, நீ தைப்பாயா என்று கேட்டாள். கெஞ்சினான். கடைசியில் அவன் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய்க் கூடவே வந்தாள். டாக்டர் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு எப்போதும் போலத்தான் இருக்கிறது என்றார். புது பம்ப் ஒன்று எழுதிக் கொடுத்தார். திரும்பி வரும் வழியெல்லாம் அக்கா அவனைக் கேலி செய்துகொண்டே வந்தாள். அந்தக் கேலி காதில் விழுகிற ஒவ்வொரு நொடியும் அவனுக்கு நிம்மதியாக இருந்தது.

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவள் மெஷினுக்கு எதிரே போட்டு உட்கார்ந்துவிட்டான். புது பம்ப் அவன் சட்டைப் பையில். காது உதவாது, கண்தான் இனி. அன்று முழுக்கப் பார்த்தான். ராத்திரி அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போர்வை ஏறி இறங்குவதைப் பார்த்தான். மறுநாளும் பார்த்தான். இப்படி உத்துப் பார்த்தா நூலு அறுந்து போவுது, போய் வேலையைப் பாருடா என்று அவள் விரட்டினாள். அவன் நகரவில்லை. அவள் பேசப் பேசக் கேட்டுக்கொண்டிருந்தான். சின்ன வயதில் அவளைக் கொஞ்சமாகவா அழ வைத்தோம் என்று நினைத்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் மத்தியானம். நல்ல வெயில். மேலே ஃபேன் சத்தம், மெஷின் சத்தம். இரண்டும் ஒன்றாகக் கலந்து கண்ணை அழுத்தின. எழுந்து போய் முகத்தில் தண்ணீர் அடித்துவிட்டு வந்துவிடலாம். பத்தடி தூரம்தான் பாத்ரூம். மெஷின் ஓடுகிறது, கேட்கிறது. ஓடுகிறவரை பயமில்லை. போனான். தண்ணீரை அள்ளி அடித்தான். இரண்டாம் தடவை அள்ளும்போது கவனித்தான்.

மெஷின் சத்தம் இல்லை.

நிற்கும்போது ஒரு சின்ன முனகல் வருமே. அது வரவில்லை. வெறுமனே இல்லாமல் போயிருந்தது.

ஓடினான். 

அக்கா தரையில் கிடந்தாள். நாற்காலி ஒருக்களித்துக் கிடந்தது. டிராயர் பாதி திறந்திருந்தது. அவள் முகம் முன்னறைப் பக்கம் திரும்பியிருந்தது, அவன் எப்போதும் உட்காரும் இடத்தைப் பார்த்து. வாய் திறந்து மூடியது. உதடு ஒட்டிப் பிரிந்தது. எத்தனையாவது தடவை என்று அவனுக்குத் தெரியவில்லை.

பம்பை அவள் வாயில் வைத்து அழுத்தினான். இன்னொரு தடவை. இன்னொரு தடவை. மருந்து உள்ளே போகவில்லை. உதட்டோரம் புகையாக வெளியே வந்தது. அவள் விரல்கள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டன.

போனை எடுத்தான். ஆம்புலன்ஸ். உடனே எடுத்தார்கள். வீட்டு எண்ணைச் சொன்னான். தெருவைச் சொன்னான். அக்காவுக்கு மூச்சு வரவில்லை, சீக்கிரம் வாருங்கள் என்றான்.

"ஹலோ," என்றாள் அந்தப் பெண். "ஹலோ, சொல்லுங்க."

கத்தினான். தொண்டை கிழிகிற மாதிரி கத்தினான். கழுத்து நரம்பு புடைத்தது. வாயிலிருந்து காற்றுகூட வந்த மாதிரி தெரியவில்லை.

"ஹலோ, யாருங்க? ஒண்ணும் கேக்கல. கேக்கலன்னா கட் பண்ணிட்டு மறுபடி கூப்புடுங்க."

கட்.

அப்போது புரிந்தது. கரகரத்த குரல். அசிங்கமான குரல். யாரென்று தெரியவில்லை என்று அவன் கையாலேயே எழுதிய குரல். தன் குரலை வெளியிலிருந்து கேட்டால் யாருக்குத்தான் அடையாளம் தெரிகிறது.

அவள் விரல்களைப் பிரித்தான். பிரிக்க வேண்டியிருந்தது. வாசலுக்கு ஓடினான். வெயிலில் தெரு வெறிச்சென்று கிடந்தது. பக்கத்து வீட்டில் ரிட்டையரான போஸ்ட்மாஸ்டர் இருந்தார், கார் வைத்திருப்பவர். முன்கதவு உள்ளே தாழ். பக்கவாட்டு ஜன்னலில் அவர் முதுகு தெரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒரு கை தூரம்கூட இல்லை, பேப்பரை விரித்துப் பிடித்து உட்கார்ந்திருந்தார்.

அடித்தான். கண்ணாடி அதிர்ந்தது. உள்ளங்கை வலித்தது. சத்தம் இல்லை.

இரண்டு. மூன்று. நாலு.

அவர் பேப்பரைப் புரட்டினார்.

ஏழு. எட்டு. எண்ணக்கூடாது என்று நினைத்தான், எண்ணினான். ஒன்பது. கையில் ரத்தம். பத்து.

பதினொன்று.

பன்னிரண்டாவது அடி படார் என்று விழுந்தது. போஸ்ட்மாஸ்டர் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினார். தெரு முழுக்க ஒரே நேரத்தில் திறந்துகொண்டது. தூரத்தில் வண்டி ஹாரன், யார் வீட்டிலோ மிக்சி, ஒரு காக்கை, அவனுடைய சொந்த மூச்சு. எல்லாம் கேட்டது. பேச வாய் திறந்தான்.

போஸ்ட்மாஸ்டர் ஜன்னலைத் திறந்தார். அவன் கையைப் பார்த்தார். பிறகு அவன் தோளுக்குப் பின்னால், அவன் வீட்டுப் பக்கம் காதைத் திருப்பினார். அவர் முகம் சாதாரணமாயிற்று.

"இங்க என்னப்பா பண்ற? அங்க உங்க அக்கா கூப்புடுறாங்க பாரு."

அவன் திரும்பினான். திறந்த வாசல் வழியாக முன்னறை தெரிந்தது. மேசை மேல் பெட்டி, பெட்டி மேல் அவன் சுருட்டி வைத்த வயர், அப்படியே. அதற்கும் அந்தப் பக்கம் தரையில் அக்கா. கண் திறந்திருந்தது. வாய் திறந்திருந்தது. உதடு அசையவில்லை. அங்கிருந்துதான் வந்தது, அவளுடைய குரலேதான், ஒரே அளவு, நடுவில் மூச்சு வாங்கவே இல்லாமல்.

தம்பி தம்பி தம்பி தம்பி தம்பி தம்பி